குல்லாவுக்குத் தூக்கிய தாடை

நான் ஒரு இடத்துக்குப் போனால் முதலில் போய்ச் சேர்வது என் தாடைதான். மிச்ச ஆள் பின்னால் வருவான். கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி அப்படி வெளியே நிற்கும். மழையில் குடை இல்லாமல் நடந்தால் என் கீழுதட்டில் தண்ணீர் தேங்கும் என்று மனைவி சொல்வாள். அவள் பேச்சில் பாதியைத் தள்ளிவிடலாம். மிச்சப் பாதி உண்மை.

பள்ளிக்கூடத்தில் எனக்கு மண்வெட்டி என்று பெயர். மேல் வகுப்புக்குப் போனதும் மரியாதை கூடி புல்டோசர் ஆனேன். கணக்கு வாத்தியார் ஒருவர் விரிகோணத்தை விளக்க கோணமானியோடு என் பெஞ்சுக்கே வந்தார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கு ஒரு விஷயம் பிடிபட்டது: அடுத்தவன் சொல்வதற்குள் நாமே சொல்லிவிட்டால் அவனுக்கு வேலை இல்லாமல் போய்விடும். அதை வைத்தே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். அதே தாடை என் மகளுக்கும் வந்து சேர்ந்தபோதுதான் அந்த வித்தை பலிக்காமல் போனது. அவளைப் பற்றி நான் முந்திக்கொண்டு ஜோக் அடிக்க முடியுமா? அடித்தால் வீட்டில் சோறு கிடைக்குமா?

அவளுக்கு என் அளவுக்கு இல்லை. என்னுடையது புல்டோசர் என்றால் அவளுடையது குழம்புக் கரண்டி. கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் வரவேற்பு மேஜையில் வேலை. வெள்ளைக்காரர்களிடம் பிரெஞ்சு பேசுவாள், ஆட்டோக்காரர்களிடம் ஆட்டோக்காரர் பாஷை பேசுவாள். விரல் வைக்காமலே விசில் அடிப்பாள். கீழ்ப்பல் முன்னால் நிற்கும் வாய்க்குத்தான் அந்த விசில் வரும்போல. நோணாங்குப்பம் படகுத்துறையில் ஒருமுறை அவள் அடித்த விசிலுக்கு, கிளம்பிப்போன படகு திரும்பி வந்தது.

என் தொழில் ஃபிளெக்ஸ் பேனர். இந்த ஊரில் கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் ஒரு மூஞ்சி பேனரில் ஏறாமல் நடக்காது. அந்த மூஞ்சிகளை ஏற்றுகிறவன் நான். கறுப்பை வெளுப்பாக்குவேன், இரட்டை நாடியை ஒற்றையாக்குவேன், வழுக்கையில் முடி நடுவேன். கத்தி இல்லை, ரத்தம் இல்லை, மவுஸ் மட்டும். ஒருமுறை அப்பாவின் சாவுக்குப் பேனர் அடிக்க வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அண்ணே, அப்பாவுக்குத் தாடை கொஞ்சம் தூக்கலா இருக்கு. உள்ள தள்ளிடுங்க," என்றார். தள்ளினேன். செத்த பிறகாவது அவருக்கு விமோசனம் கிடைத்தது.

என் அக்கா பிரான்சில் இருக்கிறாள். அவளைக் கட்டியவர் சொல்தா வீட்டுப் பிள்ளை, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் குடும்பம், அந்த நாட்டுக் குடியுரிமைப் பேப்பர் வைத்திருக்கிறவர்கள். வருஷத்துக்கு ஒருமுறை சாக்லேட்டோடும் குறைகளோடும் வந்து இறங்குவாள். சாக்லேட் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். இந்த முறை வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் என் மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"மோன் தியே! கடவுளே, அப்படியே உன்ன உரிச்சு வச்சிருக்குதேடா," என்றாள் என்னிடம், துக்கம் விசாரிக்கிற குரலில்.

"நல்லவேளை, உன்ன உரிச்சு வைக்கல," என்றேன்.

"என்ன உரிச்சு வச்சிருந்தாலும் இதே தாடைதான். நான் சரி பண்ணிக்கிட்டேன். அவ்ளோதான் வித்தியாசம்."

அது நிஜம். நாற்பதைத் தாண்டிய பிறகு அங்கே ஆபரேஷன் செய்துகொண்டாள். கீழ்த்தாடையை இரண்டு பக்கமும் அறுத்து, பின்னால் தள்ளி, தகடு வைத்து முடுக்கிவிட்டார்கள். அடுத்த வருஷம் வந்தபோது முகம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பார்த்ததும் என்னைக் குடும்பத்திலிருந்து யாரோ கழற்றி விட்டதுபோல் இருந்தது. அதுவரை மண்வெட்டிகள் இரண்டு பேர். அதற்குப் பிறகு நான் ஒருத்தன்தான், மகளின் கரண்டி அப்போது வளர்ந்திருக்கவில்லை. அப்போதிலிருந்தே அவள்மேல் எனக்கு ஒரு கடுப்பு. அவளுக்கு என்மேல் இருந்தது அதற்கு முன்பிருந்தே.

இன்னொன்றும் கவனித்திருந்தேன். காபி குடிக்கும்போது மடியில் கைக்குட்டை வைத்திருப்பாள். ஒரு வாய்க்கு ஒரு தடவை தாடையைத் துடைப்பாள். சொட்டு இருந்தாலும் துடைப்பாள், இல்லாவிட்டாலும் துடைப்பாள். இதற்கு நான் 'பிரெஞ்சு நாகரிகம்' என்று பெயர் வைத்திருந்தேன்.

இந்த முறை அவள் கொண்டுவந்தது ஒரு மாப்பிள்ளை. ஆள் அங்கேயே இருந்தான், பேச்சை மட்டும் கொண்டுவந்தாள். நம்ம ஊர்க் குடும்பம், ஞாயிறு பூசைக்கு ஒழுங்காகப் போகிற குடும்பம், பையனுக்கு அங்கே நல்ல வேலை. பையனின் அம்மா என் மகளின் போட்டோவைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாருக்கு, அந்தத் தாடை மட்டும்தான்," என்றாளாம்.

"ஆபரேஷன் பண்ணிட்டா பேச்சு முடிஞ்ச மாதிரி," என்றாள் அக்கா.

"பையனுக்கு என்ன ஆபரேஷன்?" என்று கேட்டேன்.

"அவனுக்கு எதுக்குடா?"

"எனக்கு எப்படித் தெரியும்? முழுசாப் பாத்தாதானே தெரியும்."

"இப்படியே பேசிப் பேசி பொண்ண வீட்டுல வச்சிரு. உனக்கே எப்படிக் கல்யாணம் ஆச்சுன்னு எனக்கு இன்னும் புரியல."

என் மனைவி அடுப்படியிலிருந்து, "பொண்ணு பாக்க வந்தப்ப கரண்ட் போயிருந்துச்சு அண்ணி," என்றாள். இப்படி எனக்கு வீட்டில் ஆதரவு.

மகள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். "டாக்டரப் பாக்குறேன். பாத்துட்டு நான் சொல்றேன்," என்றாள். இப்போது யோசித்தால், அந்த வீட்டில் அன்று நடந்த ஒரே உருப்படியான பேச்சு அதுதான். அக்காவுக்கு அது சம்மதமாகக் கேட்டது. எனக்கு மறுப்பாகக் கேட்டது.

உப்பளம் பக்கம் ஒரு தனியார் பல் ஆஸ்பத்திரி. டாக்டர் இளவயதுப் பெண், பொறுமைசாலி. எங்களைப் பார்த்த பிறகும் பொறுமையாகவே இருந்தார். கடிக்கச் சொன்னார், மெல்லச் சொன்னார், பேச்சு கொடுத்துப் பார்த்தார். பிறகு பக்கவாட்டில் போட்டோ எடுக்க வெள்ளைச் சுவர் ஓரம் நிற்கச் சொன்னார்.

"இயல்பா நில்லுங்க," என்றார் டாக்டர்.

எங்கள் வீட்டு ஆட்களிடம் சொல்லக்கூடாத சொல் ஒன்று உண்டென்றால் அது இதுதான். மகள் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள்.

"தலைய நிமுத்துடி! அது என்ன கூனிக்கிட்டு? உங்க தாத்தா போட்டோவப் பாத்ததில்ல?" என்றாள் அக்கா.

நானும் பின்னாலிருந்து, "ஆமாம்மா, நிமுந்து நில்லு. தாடையத் தூக்கு," என்றேன். எனக்கும் அக்காவுக்கும் அந்த மாதம் முழுக்கக் கருத்து ஒத்துப்போன ஒரே இடம் அது. மகள் தூக்கினாள். கேமரா அடித்தது.

டாக்டர் அதைக் கம்ப்யூட்டரில் போட்டு, தாடையை மட்டும் மெதுவாக உள்ளே நகர்த்திக் காட்டினார். "ஆபரேஷன் பண்ணினா ஏறக்குறைய இப்படி இருக்கும்." அக்கா "வுவாலா!" என்று கையைத் தட்டினாள். எத்தனையோ பேர் தாடையை நான் இதேபோலத்தான் தள்ளியிருக்கிறேன், காபியை உறிஞ்சிக்கொண்டே. இது என் மகள் தாடை என்றதும் திரையை விட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"கடிக்கிறதுல, பேசறதுல பெரிய கஷ்டம் இல்ல. அதனால கட்டாயம்னு சொல்ல மாட்டேன். முகத்துக்காகன்னா அது அவங்க விருப்பம்," என்றார் டாக்டர். பல்லுக்குக் கம்பி போட்டு ரொம்ப நாள் இருக்க வேண்டும், பிறகு ஆபரேஷன், பிறகு பல வாரம் கஞ்சி. "இன்னொண்ணும் சொல்லணும். சிலருக்குக் கீழுதடு, தாடைப் பக்கம் மரத்துப் போகும். பெரும்பாலும் திரும்பி வந்துடும். சிலருக்கு முழுசா வர்றதில்ல."

மகள் கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொண்டாள். அக்கா ஜன்னல் வழியாக வெளியே இருந்த டிரான்ஸ்பார்மரை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டோவில் ஏறுவதற்குள் டாக்டர் கொடுத்த இரண்டு படங்களையும், இப்போதைய தாடை ஒன்று, வரப்போகிற தாடை ஒன்று, பையனின் அம்மாவுக்கு அக்கா அனுப்பிவிட்டாள். கைதவறி எங்கள் குடும்பக் குரூப்பிலும் போட்டாள். அண்ணா சாலை சிக்னலில் நிற்கும்போது பதில் வந்தது: இரண்டாவது படம் மாதிரி ஆகிவிட்டால் தங்களுக்கு முழுச் சம்மதம்.

"இது என்ன, துணிக்கடையில கலர் மாத்திக் குடுக்கறதா?" என்று கத்தினேன்.

"கத்தாத. ஊரே பாக்குது."

"பாக்கட்டும். நீ எம்பொண்ணு மூஞ்சிய அனுப்பினியே, அத விடவா?"

"எம்பொண்ணு எம்பொண்ணுங்கற. அவ மூஞ்சிக்காகவா கத்தற? உம் மூஞ்சிக்காகக் கத்தற!"

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்த்தார். அக்கா சொல்வதில் நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும். மகள் நடுவில் உட்கார்ந்து போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கடையில் எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வாழ்க்கையில் எனக்கு வந்த எல்லா யோசனைகளையும்போல இதுவும் பிரமாதமாகத் தோன்றியது. குரூப்பில் வந்த படத்தை எடுத்து, முகத்தைக் கறுப்பு நிழலாக்கினேன். நெற்றி, மூக்கு, கொண்டை எல்லாம் அப்படியே. தாடையை மட்டும் வேறுவேறு இடத்தில் வைத்தேன். ஒன்றில் தாடையே இல்லாமல் கழுத்தோடு கழுத்தாக. ஒன்றில் கொஞ்சம் வெளியே. ஒன்றில் கொண்டையை எடுத்துவிட்டு, என்னைப்போல் ஊரை முட்டிக்கொண்டு. நடுவில் எங்கேயோ மகளின் நிஜ நிழல். எல்லாவற்றையும் அச்சடித்து கவுன்டருக்குப் பின்னால் பலகையில் குத்திவைத்தேன். வருகிறவர்களிடம், "இதுல யாருக்கு ஆபரேஷன் தேவைப்படும்னு நெனைக்கறீங்க?" என்று கேட்பது. அவர்கள் கடைசிப் புல்டோசரை மட்டும் காட்டுவார்கள். மகளைத் தாண்டிப் போய்விடுவார்கள். அதைக் கொண்டுபோய் அக்கா மூஞ்சியில் எறிவது. திட்டம் இவ்வளவுதான்.

முதலில் வந்தது அத்தர் கடை பாய், புதுப் போர்டுக்கு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இவருக்குத் தேவை," என்று புல்டோசரைக் காட்டினார். பிறகு என்னை ஒருமுறை பார்த்தார். விரலை அவசரமாக எடுத்து, "இல்ல, இவருக்கு ஒண்ணும் தேவையில்ல. ஆம்பளைக்கு இப்படித்தான் கம்பீரமா இருக்கணும்," என்றார். அதே விரல் அடுத்து என் மகள்மேல் போய் விழுந்தது. "இந்தப் பொண்ணுக்குத்தான் கொஞ்சம் பாக்கணும்."

தலைவர் பிறந்தநாள் பேனருக்கு வந்த ஒருத்தன், மகளின் நிழலைக் காட்டி, "இத கட்டிக்கப்போறவன் ஹெல்மெட் போட்டுக்கிட்டுதான் பக்கத்துல போவணும்," என்றான். கூட வந்தவன் சிரித்தான். நானும் பழக்கதோஷத்தில் பல்லைக் காட்டிவிட்டேன். பிறகு அவன் தலைவரின் காதுகளைப் பேனரில் கொஞ்சம் பெரிதாக்கினேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

கண்ணீர் அஞ்சலிக்கு வந்த ஒரு அம்மா தன் துக்கத்தையும் மறந்து, "பாவம், யாரு பெத்த பொண்ணோ," என்றார். அவர் காட்டியதும் அவளைத்தான். வந்தவர்கள் எல்லோரும், என் மூஞ்சியைப் பார்த்ததும் புல்டோசரைத் தாண்டி, ஒரே இடத்தில் விரலை வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் எனக்கு இந்த ஊரே பிடிக்காமல் போய்விட்டது. கடற்கரை, சர்ச், நீதிமன்றம் எல்லாவற்றையும் ஒரு பேனரில் ஏற்றி மழையில் விட வேண்டும்போல் இருந்தது.

எரிச்சலில் அந்த நிழலை மூடிவிட்டு நிஜப் போட்டோவைத் திறந்தேன். எதைப் பார்க்கிறோம் என்று இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் காதில் தொங்கட்டான் போட்டிருந்தாள். அது தாடையை ஒட்டித் தொங்காமல் பின்னால் கழுத்துப் பக்கமாகப் போயிருந்தது. பேனர் வேலையில் இது எங்களுக்குத் தலைவலி. சாய்ந்த தலையை நிமிர்த்தினால் தொங்கட்டான் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நின்று காட்டிக்கொடுத்துவிடும், அதைத் தனியாகத் திருப்பிவைக்க வேண்டும். தொங்கட்டான் எப்போதும் தரையைத்தான் பார்க்கும். அப்படியென்றால் இங்கே சாய்ந்திருப்பது தலை. முகத்தை அண்ணாந்து வைத்திருக்கிறாள். அண்ணாந்தால் தாடை முன்னால் வராமல் வேறெங்கே போகும்?

தாடையைத் தொடவே இல்லை. தலையை மட்டும், நாம் ரோட்டைப் பார்த்து நடக்கிற அளவுக்கு, கொஞ்சம் இறக்கினேன். பாதிக் கரண்டி காணாமல் போனது. மீதிக் கரண்டி இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். அதையும் நிழலாக்கிப் பலகையில் குத்தினேன். போர்டை வாங்க வந்த பாய் அதைப் பார்த்து, "இது நல்லாத்தானே இருக்கு, இத ஏன் இவங்களோட மாட்டி வச்சிருக்கீங்க?" என்றார். அவரைக் கட்டிப்பிடித்தேன். இரண்டு நாள் என் சட்டையில் அத்தர் மணந்தது.

வீட்டுக்குப் போய் அப்பா போட்டோவின் முன்னால் நின்றேன். அப்பா இந்த ஊர்ப் போலீஸ்காரர். சிவப்புக் குல்லா, முன்னால் மூக்குபோல நீட்டிக்கொண்டு ஒரு கறுப்பு விளிம்பு. வெயிலில் அந்த மூக்கின் நிழல் கண்ணை மறைத்துவிடும். அதனால் போட்டோவுக்கு நிற்கும்போது அவர் தாடையைத் தூக்கிக்கொள்வார். "தாடையத் தூக்கு, கண்ணு தெரியட்டும்!" என்று பிள்ளைகளையும் அதட்டுவார். பிள்ளைகள் தலையில் குல்லா இல்லை என்பது அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. சர்ச்சில் புதுநன்மை வாங்கிய போட்டோ, கல்யாணப் போட்டோ, ரேஷன் கார்டு, எல்லாவற்றிலும் எங்கள் குடும்பம் வானத்தில் விமானம் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதே அதட்டலைத்தான் நானும் அக்காவும் ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் காபிக்கு உட்கார்ந்தபோது பழைய நிழலையும் புது நிழலையும் மேஜையில் பரப்பினேன். குல்லா, தொங்கட்டான் எல்லாவற்றையும் வக்கீல்போல எடுத்துச் சொன்னேன்.

அக்கா ஒரு பார்வை பார்த்தாள். "கம்ப்யூட்டர் வேலை. செத்தவனையே சிரிக்க வைக்கறவன் நீ. இத நான் நம்பணுமா?"

"தாடையில கை வைக்கல. சத்தியமா."

"உஞ்சத்தியத்தையும் கொஞ்சம் உள்ள தள்ளி வையி."

மகள் பழைய நிழல் இருந்த தாளைக் கையில் எடுத்தாள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். "நாலு மூலையிலயும் பின் குத்தின ஓட்டை இருக்கே. எங்க மாட்டியிருந்தீங்க?"

"கடையில," என்றேன்.

"யாரு பாத்தா?"

"வந்தவங்க போனவங்க…"

"என்ன சொன்னாங்க?"

நான் சர்க்கரை டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"அத்தை ஒரு வீட்டுக்குத்தான் காட்டினாங்க. நீங்க ஊருக்கே காட்டியிருக்கீங்க."

"கறுப்பாத்தானேம்மா இருக்கு. யாருன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே," என்றாள்.

அக்காவின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. மகள் திரும்பினாள். "நீங்க சிரிக்காதீங்க அத்தை." எழுந்து போய் அக்காவின் தாடையில், உதட்டுக்குக் கீழே, விரலை வைத்தாள். "இங்க தொட்டா உங்களுக்குத் தெரியுதா?"

அக்கா கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள். "தெரியாது," என்றாள். "காபி சுடுதான்னு மேலுதட்டுலதான் பாத்துக்குவேன்."

என் 'பிரெஞ்சு நாகரிகம்' மேஜைமேல் மடிந்து கிடந்தது. நான் என் டம்ளரைப் பார்த்தேன்.

"ஆனா கண்ணாடியில தெரியுதுடி. எனக்கு அது போதும்," என்றாள் அக்கா. குரல் இறங்கவில்லை, ஏறித்தான் இருந்தது. "இதோ இவனுக்கு இது ஜோக்கு. எனக்கு ஒருநாளும் ஜோக்கா இருந்ததில்ல. பஸ்சுல ஜன்னல் சீட்டுல உக்கார மாட்டேன், வெளிய இருக்கறவனுக்குப் பக்கவாட்டுல தெரியும்னு. இப்ப உக்காருறேன். இன்னொரு தடவ பண்ணணும்னாலும் பண்ணுவேன்."

"நல்லது அத்தை. அது உங்களுது," என்றாள் மகள். தாளை நான்காகக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "கடைக்கு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறந்தேன். என் பின்னால் நின்றுகொண்டு ஒவ்வொரு நிழலாக அழிக்க வைத்தாள். அழித்ததெல்லாம் போய் விழுகிற தொட்டியையும் காலி செய்யச் சொன்னாள். அது கேட்கும், உறுதியாக அழிக்கவா என்று. "ஆமான்னு அமுக்குங்க," என்றாள். அமுக்கினேன். வழியெல்லாம் பேசவில்லை. அந்த வாரம் முழுக்கவே பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அம்மா வழியாகத்தான் கேட்டாள்.

ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனாள். யாரும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். அங்கே நடந்ததை அவள் அம்மாவிடம் சொல்ல, அடுப்படிக் கதவு வழியாக நான் கேட்டேன். டாக்டர் எதிரே ஒரு கண்ணாடியை வைத்து, அறைக்குள் கொஞ்சம் நடக்கவிட்டு, "உங்க கண்ண நீங்களே பாருங்க, வேற எதையும் யோசிக்காதீங்க," என்று சொல்லிப் பக்கவாட்டில் படம் எடுத்தாராம். போன தடவையே அப்படித்தான் எடுத்திருக்க வேண்டும், உங்கள் வீட்டு ஆட்கள் போட்ட சத்தத்தில் விட்டுவிட்டேன் என்று அவரே சிரித்தாராம்.

"எப்படி வந்துச்சு?" என்று மனைவி கேட்டாள்.

"அப்பா தாடைதான். ஆனா இவங்க சத்தம் போட்ட அளவுக்கு இல்ல."

"அப்ப வேணாமா?"

"எனக்கு இது புடிச்சிருக்குன்னு சொல்லலம்மா. என்னைக்காவது எனக்கே வேணும்னு தோணினா பண்ணிக்குவேன். அந்த வீட்டுக்குள்ள போறதுக்கு டிக்கெட்டா பண்ணிக்க மாட்டேன்."

நான் கதவை விட்டு நகர்ந்தேன். அடுத்து வரப்போவது என்னைப் பற்றியதாக இருக்கலாம்.

அன்று சாயங்காலம் குடும்பக் குரூப்பில் அந்தப் படம் வந்தது. கீழே எழுதியிருந்தாள்: 'இதுதான் நான். ஆபரேஷன் இல்லை. அத்தை, இதை அவங்க வீட்டுக்கு அனுப்பிடுங்க. அந்தப் பையனோட பக்கவாட்டுப் போட்டோ ஒண்ணும் வாங்கி அனுப்புங்க. நானும் பாக்கணும்.'

அக்கா அனுப்பினாள், அதில் அவள் நேர்மையானவள். ஆனால் பையன் போட்டோ வரவில்லை. வந்தது ஒரு குரல் செய்தி. மாப்பிள்ளையிடம் பக்கவாட்டுப் போட்டோ கேட்கிற பெண்ணைத் தங்கள் குடும்பத்தில் இதுவரை பார்த்ததில்லை என்று பையனின் அம்மா சொன்னாள். 'திமிரு' என்ற சொல்லும் இருந்தது. அக்கா அதை எங்கள் எல்லோருக்கும் சத்தமாகப் போட்டுக் காட்டினாள். முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்து, "சந்தோஷமாடா?" என்று என்னைக் கேட்டாள்.

"ரொம்ப," என்றேன்.

"உங்கள யாரும் கேக்கல," என்றாள் மகள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வாக்கியம் அது. எனக்கு அதுவே பெரிதாக இருந்தது.

அக்கா ஊருக்குக் கிளம்பும் நாளும் வந்தது. யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஆனாலும் அவள் கிளம்பும்போது வாசலில் குடும்பப் போட்டோ எடுப்பது எங்கள் வீட்டில் நிற்காது. கொலையே விழுந்திருந்தாலும் பிணத்தைத் தள்ளி வைத்துவிட்டு எடுப்போம். சென்னை விமான நிலையத்துக்கு வந்த கார்க்காரர் கையில் அக்கா போனைக் கொடுத்தாள். நான் ஒரு ஓரம், அவள் மறு ஓரம். நடுவில் மனைவியும் மகளும்.

"கொஞ்சம் தலைய எறக்குங்க," என்றார் கார்க்காரர்.

நானும் அக்காவும் ஒரே சமயத்தில் தாடையைத் தூக்கினோம். "நீ மொதல்ல எறக்கு," என்றேன். "ஆபரேஷன் பண்ணினதே நான். நீ எறக்குடா," என்றாள். "பண்ணியும் தூக்கறியே, அப்புறம் எதுக்குப் பண்ணின?" "உன்னப் பாக்கக்கூடாதுன்னு தூக்கறேன்." கார்க்காரர், "மேடம், டிராபிக் ஆயிடும்," என்றார். மனைவி ஜெபமாலையைத் தேடினாள்.

அப்போது மகள் விசில் அடித்தாள். விரல் இல்லாமல், கீழ்ப்பல்லை முன்னால் தள்ளி, தெருவே திரும்புகிற மாதிரி. எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது. நாங்கள் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினோம். பயந்துபோன கார்க்காரர் விரல் பட்டு, போட்டோ பதிவாகிவிட்டது.

வேறு எடுக்க நேரம் இல்லை. கார் போய்விட்டது. அக்கா ஜன்னல் பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கை காட்டவில்லை.

சாயங்காலம் விமான நிலையத்திலிருந்து அந்தப் படத்தைக் குரூப்பில் போட்டாள். கடையில் பெரிய திரையில் திறந்தேன். மூன்று பேரும் நடுவில் இருப்பவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், ஒரு தாடையும் தூக்கியிருக்கவில்லை. அவள் மட்டும் கேமராவைப் பார்க்கிறாள், உதடு குவிந்து, தாடை எவ்வளவு போகுமோ அவ்வளவு முன்னால். அதன் கீழே அக்கா எனக்கு எழுதியிருந்தாள்: 'உன்ன மட்டும் வெட்டிட்டு அனுப்புடா. உம்மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க யாருக்கும் காட்ட முடியாது.'

'உன் மூஞ்சி கோணலா இருக்கு, அதையும் சேத்து வெட்டறேன்' என்று பதில் அடித்துவிட்டு மவுஸைப் பிடித்தேன்.

அதற்குள் மகளின் செய்தி வந்து விழுந்தது. 'யாரும் கை வைக்கக்கூடாது.'

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.